சின்ன போர்டில் ஆர்டிஓஎஸ்: எந்த அமைப்பை, ஏன் தேர்ந்தெடுப்பது?

ஆர்டிஓஎஸ் என்பது சின்ன சிப்பில் பல வேலைகளை நேரம் தவறாமல் ஓட்ட உதவும் ரியல்-டைம் இயங்குதளம். அதன் பக்கம் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸா, செஃபிரா என்பதைத்தான். நியாயமான கேள்வி, அதற்கும் கீழே வருகிறேன். ஆனால் எதை எடுத்தாலும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து சில முடிவுகளை எடுத்தே ஆக வேண்டும்: நினைவகம் எங்கிருந்து வரும், டிக் (கர்னலின் கடிகாரத் துடிப்பு) எவ்வளவு, எந்த டாஸ்க்குக்கு (தனியாக ஓடும் வேலைக்கு) என்ன முன்னுரிமை, எந்த இன்டரப்ட் (ஹார்டுவேர் இடையில் புகுந்து ஓடவைக்கும் கோடு) கர்னலை, அதாவது ஆர்டிஓஎஸ்ஸின் மையப் பகுதியைக் கூப்பிடலாம், எந்தச் சோதனைகளை ஆன் செய்து வைப்பது. கருவி ஏதோ ஒரு பேனலுக்குள் மாட்டப்பட்டு ஆறு மாதம் ஆன பிறகும் ஒழுங்காக ஓடுமா என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. பலர் எடுத்துக்காட்டு ப்ராஜெக்டோடு வந்த ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

ஒவ்வொரு தேர்விலும் நான் கேட்பது ஒன்றுதான்: இது தப்பாகப் போனால் எப்போது தெரியவரும்? கம்பைல், லிங்க் நேரத்திலேயே தெரிந்துவிட்டால் அதுதான் முதல் தரம். மேசையில் டீபக்கர் மாட்டியிருக்கும்போது தெரிந்தால் பரவாயில்லை. வாடிக்கையாளர் இடத்தில், அதுவும் எப்போதாவது ஒரு தடவை மட்டும் தெரியும் என்றால், அந்தத் தேர்வு எவ்வளவு ராம் மிச்சப்படுத்தினாலும் வேண்டாம்.

பேச வசதியாக ஒரு கருவியை வைத்துக்கொள்வோம். சிப் எஸ்டிஎம்32எஃப்103சி8, ப்ளூ பில் போர்டில் வருகிற அதே கார்டெக்ஸ்-எம்3: 72 மெகாஹெர்ட்ஸ், 64 கேபி ஃபிளாஷ், 20 கேபி ராம். வேலை மின் அளவீடு. 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) மதிப்புகளை எடுத்துக் கணக்குப் போட வேண்டும், ஆர்எஸ்-485 கம்பி வழியாக வரும் மோட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறை) கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், நிமிடத்துக்கு ஒரு பதிவை ஃபிளாஷில் எழுத வேண்டும், ஒரு சின்ன டிஸ்ப்ளேயையும் புதுப்பிக்க வேண்டும்.

இதற்கு ஆர்டிஓஎஸ் தேவையா என்றால், மோட்பஸ்ஸும் டிஸ்ப்ளேயும் மட்டும் இருந்தால் வேண்டாம், எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிச் சுற்றிச் செய்யும் சாதாரண சூப்பர்லூப்பே போதும். ஆனால் ஃபிளாஷில் எழுதுவது மாதிரி நீளமாக இழுக்கிற வேலையும் 10 மில்லிசெகண்ட் கெடுவும் ஒரே லூப்பில் சேரும்போது, நீள வேலையைத் துண்டு துண்டாக வெட்டி எந்தத் துண்டில் நிற்கிறோம் என்று நினைவில் வைத்துத் தொடரும் ஸ்டேட் மெஷின் எழுத வேண்டியிருக்கும். அது இரண்டு மூன்று ஆகும்போதுதான் ஆர்டிஓஎஸ் தன் விலைக்கு வேலை செய்கிறது.

சரி, ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸா செஃபிரா? ரிச்சர்ட் பாரி 2003 வாக்கில் தொடங்கியது ஃப்ரீஆர்டிஓஎஸ், 2017இல் அமேசானின் பொறுப்புக்குப் போனது, அதே வருடம் எம்ஐடி உரிமத்துக்கும் மாறியது. கர்னல் என்பது சில சி ஃபைல்கள், ஒரு கான்ஃபிக் ஹெடர், அவ்வளவுதான். டிரைவர் எல்லாம் உங்கள் பாடு, அல்லது சிப் கம்பெனி தரும் நூலகத்தின் பாடு. செஃபிர் 2016இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ் வந்தது, அப்பாச்சி 2.0 உரிமம், லினக்ஸ் கர்னல் மாதிரியே கேகான்ஃபிக்கும் (எந்த வசதிகள் வேண்டும் என்ற தேர்வு) டிவைஸ்ட்ரீயும் (போர்டில் என்ன ஹார்டுவேர் இருக்கிறது என்ற விவரம்) வைத்துக் கட்டமைப்பது. டிரைவர்கள், ப்ளூடூத், நெட்வொர்க், ஷெல் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும், ஆனால் ஒரே ஃபர்ம்வேர் நாலு விதமான போர்டில் ஓட வேண்டும் என்றால் அந்த உழைப்பு வீண் போகாது.

என் கணக்கு இதுதான். நோர்டிக் சிப்களுக்கான புதிய எஸ்டிகே (மென்பொருள் தொகுப்பு) செஃபிர் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது, ஈஎஸ்பி32 சிப்பின் அதேபோன்ற தொகுப்பான ஐடிஎஃப் ஃப்ரீஆர்டிஓஎஸ் மேல் கட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சிப்களை எடுத்தால் நீங்கள் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை, போகிற ஆற்றோடு போவதே நல்லது. நம் 20 கேபி கருவிக்கு ஃப்ரீஆர்டிஓஎஸ்தான், ஏனென்றால் ஒவ்வொரு பைட்டும் எங்கே போகிறது என்று ஒரே ஆள் ஒரு வாரத்தில் படித்துப் புரிந்துகொள்ள முடியும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்கள் மட்டும் கவனிக்கவும்: ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் எண் கூடக்கூட டாஸ்க்கின் முன்னுரிமை கூடும், செஃபிரில் எண் குறையக்குறையக் கூடும், எதிர்ம எண் கொடுத்தால் அது தானாக விட்டுக்கொடுக்கும் வரை வேறு த்ரெட் (டாஸ்க்குக்கு செஃபிரில் உள்ள பெயர்) அதை இடைமறிக்காத கோஆபரேட்டிவ் த்ரெட். பழைய எண்களை அப்படியே காப்பி செய்தால் எல்லாம் தலைகீழாகிவிடும், கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது.

இனி நினைவகம். மற்ற எல்லாவற்றையும்விட நான் அதிக நேரம் செலவிடச் சொல்லும் இடம் இது.

ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகத்துக்கு ஹீப் என்று பெயர். ஃப்ரீஆர்டிஓஎஸ் அதற்கு ஐந்து ஹீப் ஃபைல்கள் தருகிறது, அவற்றில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஹீப் 1இல் வாங்கலாம், திருப்பித் தர முடியாது. ஹீப் 2இல் திருப்பித் தரலாம், ஆனால் பக்கத்துப் பக்கத்துக் காலித் துண்டுகளை அது ஒட்டாது, பழைய ப்ராஜெக்ட்களுக்காக மட்டுமே அது இன்னும் இருக்கிறது, புதிதாக எடுக்க ஒரு காரணமும் இல்லை. ஹீப் 3 என்பது சி நூலகத்தில் நினைவகம் வாங்கும் ஃபங்ஷனான மேலாக்கைக் கூப்பிடும் மெல்லிய உறை, கூப்பிடும் நேரத்தில் டாஸ்க்குகளை மாற்றிமாற்றி ஓட்டும் ஷெட்யூலரை நிறுத்தி வைக்கும். இதில் கான்ஃபிக்கில் நீங்கள் கொடுத்த ஹீப் அளவுக்கு எந்தப் பலனும் இல்லை, லிங்கர் ஸ்க்ரிப்ட்டில் உள்ள ஹீப்தான் பேசும். ஹீப் 4 காலித் துண்டுகளை ஒட்டும், பெரும்பாலானோர் எடுப்பது இதைத்தான். ஹீப் 5 அதேதான், ஆனால் ராம் இரண்டு மூன்று தனித்தனிப் பகுதிகளாக இருந்தாலும் சமாளிக்கும்.

ஹீப் 5 கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எஸ்டிஎம்32எஃப்407இல் 64 கேபி சிசிஎம் ராம் என்று ஒரு தனிப் பகுதி உண்டு, சிபியு இல்லாமலே டேட்டாவை நகர்த்தும் டிஎம்ஏவால் அதைத் தொடவே முடியாது. இரண்டு பகுதிகளையும் ஹீப் 5க்குக் கொடுத்துவிட்டு, டிஎம்ஏ பஃபரை ஹீப்பிலிருந்து வாங்கினால், அது எந்தப் பகுதியில் விழும் என்பது உங்கள் கையில் இல்லை. இன்று சாதாரண ராமில் விழும், வேலை செய்யும். அடுத்த வெர்ஷனில் ஒரு டாஸ்க் கூடுதலாகச் சேரும், பஃபர் சிசிஎம்முக்குள் போய்விடும், டேட்டா வராது. நான் மேலே சொன்ன அளவுகோலில் இது கடைசி இடம்.

ஹீப்புக்கு மாற்று ஸ்டாடிக் ஒதுக்கீடு, அதாவது இடத்தை பில்ட் நேரத்திலேயே முடிவு செய்வது. 2016இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து டாஸ்க், க்யூ (டாஸ்க்குகளுக்கு இடையே டேட்டா வரிசை), மியூடெக்ஸ் (பகிரும் பொருளுக்கான பூட்டு), டைமர் எல்லாவற்றுக்கும் நினைவகத்தை நீங்களே அரே ஆகக் கொடுக்கலாம். கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டும், கர்னலே வைத்துக்கொள்ளும் ஐடில் டாஸ்க்குக்கும் (வேறு வேலை இல்லாதபோது ஓடுவது) டைமர் டாஸ்க்குக்கும்கூட இடம் ஒதுக்கித் தர வேண்டும். அதற்குக் கிடைக்கும் பலன் பெரியது: ராம் போதவில்லை என்றால் லிங்கரே சொல்லிவிடும். மேப் ஃபைலைத் திறந்தால் எந்த டாஸ்க் எத்தனை பைட் தின்கிறது என்று பெயரோடு இருக்கும். டைனமிக் ஒதுக்கீட்டை முழுக்க அணைத்துவிட்டால், ஒரு வருடம் கழித்து டீமில் சேர்ந்தவர் மறதியாக ஹீப்பிலிருந்து க்யூ உருவாக்கப் பார்த்தாலும் பில்ட் நின்றுவிடும். இதற்குமேல் என்ன வேண்டும்?

நம் கருவிக்குக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அளவீடு 512 பைட், மோட்பஸ் 1024, பதிவு 2048, டிஸ்ப்ளே 1024, ஐடில் 512, டைமர் 1024, ஆக ஸ்டாக் (டாஸ்க் ஓடும்போது தற்காலிகமாகப் பயன்படுத்தும் இடம்) மட்டும் 6144 பைட், அதாவது 6 கேபி. இன்டரப்ட்கள் கார்டெக்ஸ்-எம்மில் மெயின் ஸ்டாக்கில் ஓடுவதால் அதற்குத் தனியாக ஒரு கேபி வைத்தாலும், பஃபர்களுக்கு 20இல் பாதிக்கு மேல் மிஞ்சுகிறது. தாராளமாகப் போதும், தெளிவாக ஸ்டாடிக்கே. ஆனால் எண்ணை எழுதும்போது கவனம்: மூல ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் ஸ்டாக் ஆழம் வேர்ட் கணக்கு, 128 என்றால் கார்டெக்ஸ்-எம்மில் 512 பைட். ஈஎஸ்பி-ஐடிஎஃப்பில் அதே இடத்தில் பைட் கணக்கு. அங்கிருந்து இங்கே கோடைக் கொண்டுவந்தால் ராம் நாலு மடங்கு போகும், இங்கிருந்து அங்கே கொண்டுபோனால் ஸ்டாக் நாலில் ஒன்றாகச் சுருங்கும்.

இன்னொன்று, ஸ்டாடிக் போட்டுவிட்டோம் என்று ஹீப்பை மறந்துவிட முடியாது. நியூலிப் என்ற சி நூலகத்தின் பிரின்ட்எஃப்பில் ஃப்ளோட் அச்சிட்டால் அது உள்ளுக்குள் மேலாக்கைக் கூப்பிடும், ஸ்டாக்கையும் நன்றாகத் தின்னும். வோல்டேஜ் 230.4 என்று காட்ட ஃப்ளோட் தேவையில்லை, 2304 என்ற முழு எண்ணை வைத்துக்கொண்டு காட்டும்போது புள்ளி வைத்தால் போதும்.

ஈதர்நெட்டோ டிஎல்எஸ்ஸோ வந்தால் கதை வேறு. அந்த நூலகங்கள் இணைப்புக்கு இணைப்பு நினைவகம் வாங்கும், விடும், அங்கே ஹீப் 4 வேண்டும்தான். அப்போதும் என் யோசனை, டாஸ்க்குகளும் க்யூக்களும் ஸ்டாடிக், நெட்வொர்க்குக்கு மட்டும் ஹீப். இரண்டையும் ஒரே நேரத்தில் ஆன் செய்ய முடியும். ஹீப் தீர்ந்தால் நெட்வொர்க் மட்டும் தடுமாறும், அளவீடு ஓடிக்கொண்டே இருக்கும்.

டிக் வேகத்துக்கு வருவோம். 100 ஹெர்ட்ஸா, 1000 ஹெர்ட்ஸா என்று நீளமாக விவாதிக்கிறார்கள், ஆனால் 72 மெகாஹெர்ட்ஸ் சிப்பில் ஒரு மில்லிசெகண்டுக்கு 72,000 சைக்கிள்கள் இருக்கின்றன, டிக் இன்டரப்ட் அதில் சில நூறைத்தான் எடுக்கும். சுமைக்காகப் பயந்து 100 வைக்க வேண்டியதில்லை. 100 வைத்தால் வரும் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: 5 மில்லிசெகண்ட் தூங்கு என்று எழுதினால், மில்லிசெகண்டை டிக்காக மாற்றும் மேக்ரோ 5ஐ 100ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்து, முழு எண் கணக்கில் 0 தரும். டாஸ்க் தூங்கவே தூங்காது, அதற்குக் கீழே உள்ள டாஸ்க்குகள் எல்லாம் பட்டினி. ஈஎஸ்பி-ஐடிஎஃப்பில் இயல்பாக வருவது 100தான் என்பதால் இது அங்கே அடிக்கடி நடக்கிறது. நம் கருவிக்கு 1000 வைத்துவிடுங்கள். 32 பிட் டிக் கவுன்டர் 1000 ஹெர்ட்ஸில் 49.7 நாளில் சுற்றி மீண்டும் 0க்கு வரும், கர்னல் அதைச் சரியாகக் கையாளும், ஆனால் உங்கள் கோடில் நேரங்களைக் கழிக்காமல் நேரடியாகப் பெரிது சிறிது பார்த்திருந்தால் ஐம்பதாவது நாள் வரை தெரியாது.

அதோடு 10 மில்லிசெகண்ட் அளவீட்டை டிக்கை நம்பி வைக்கவே வேண்டாம் என்பேன். ஹார்டுவேர் டைமர் ஏடிசியைத் தூண்டட்டும், டிஎம்ஏ பஃபரை நிரப்பட்டும், நிரம்பியதும் வரும் இன்டரப்ட் ஒரு டாஸ்க் நோட்டிஃபிகேஷன் அனுப்பி அளவீட்டு டாஸ்க்கை எழுப்பட்டும். இந்த இடத்தில் பைனரி செமஃபோரைவிட (ஏற்றி இறக்கும் ஒற்றைக் கொடி) நோட்டிஃபிகேஷன் வேகமானது, தனியாக ஒரு ஆப்ஜெக்ட்டும் வேண்டாம்.

பேட்டரியில் ஓடும் கருவி என்றால் டிக்லெஸ், அதாவது வேலை இல்லாதபோது டிக்கை நிறுத்தி உறங்கும் முறை வேண்டும். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸோடு வரும் டிக்லெஸ் சிபியுவின் உள் டைமரான சிஸ்டிக்கை வைத்தே வேலை செய்கிறது, சிஸ்டிக் 24 பிட், 72 மெகாஹெர்ட்ஸில் அதிகபட்சம் 0.233 செகண்ட்தான் எண்ண முடியும், ஆழ்ந்த உறக்க நிலையில் அதுவும் நின்றுவிடும். உண்மையான மிச்சம் வேண்டுமென்றால் எஸ்டிஎம்32எல் வரிசையில் உள்ள லோ பவர் டைமரை 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலோடு பயன்படுத்தி அந்தப் பகுதியை நீங்களே எழுத வேண்டும். செஃபிர் இயல்பிலேயே டிக்லெஸ், பேட்டரி கருவிக்கு நான் அந்தப் பக்கம் சாய்வதற்கு இது ஒரு பெரிய காரணம். நம் கருவி மின்சாரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, டிக்லெஸ்ஸைத் தொட வேண்டாம்.

முன்னுரிமையில் ஆட்கள் செய்வது, எது முக்கியமோ அதற்குப் பெரிய எண். முக்கியம் என்பது வேறு, அவசரம் என்பது வேறு. வாடிக்கையாளர் பார்ப்பது டிஸ்ப்ளேயைத்தான், ஆனால் அது 200 மில்லிசெகண்ட் தாமதித்தால் யாருக்கும் தெரியாது. எந்த வேலை அடிக்கடி வருகிறதோ அதற்கு உயர்ந்த முன்னுரிமை என்ற ரேட் மோனோடானிக் முறைதான் நல்ல தொடக்கம். 1973இல் லியுவும் லேலண்டும் காட்டியபடி, மொத்த சிபியு பயன்பாடு ஏறக்குறைய 69 சதவீதத்துக்குள் இருந்தால், எத்தனை டாஸ்க் இருந்தாலும் கெடு தவறாது. ஒன்றுக்கொன்று காத்திருக்காத, முறை தவறாமல் வரும் டாஸ்க்குகளுக்கு அது பொருந்தும் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். இதன்படி அளவீடு மேலே, மோட்பஸ் அடுத்து, டிஸ்ப்ளே, கடைசியில் பதிவு.

ப்ரீஎம்ப்ஷனை, அதாவது உயர்ந்த டாஸ்க் இடையில் புகுந்து ஓடுவதை அணைத்துக் கோஆபரேட்டிவாக ஓட்டலாமே, பகிர்வுச் சிக்கல் குறையுமே என்று சிலர் சொல்வார்கள். குறையும்தான். ஆனால் எந்த டாஸ்க் எப்போது விட்டுக்கொடுக்கும் என்பதை ஒவ்வொருவரும் எப்போதும் சரியாக எழுத வேண்டும், ஒரு இடத்தில் நீண்டால் கெடு போய்விடும், அதை யாரும் கண்டுசொல்ல மாட்டார்கள். ப்ரீஎம்ப்டிவ்வே வையுங்கள்.

எந்தத் தேர்வும் காப்பாற்றாத ஒரு இடமும் உண்டு. எஃப்103இன் உள் ஃபிளாஷில் ஒரு பக்கத்தை அழிக்க 20 முதல் 40 மில்லிசெகண்ட் ஆகும், அந்த நேரத்தில் சிபியு அதே ஃபிளாஷிலிருந்து கோடு படிக்கப் போனால் பஸ் அப்படியே நிற்கும். உங்கள் அளவீட்டு டாஸ்க்குக்கு என்ன முன்னுரிமை கொடுத்திருந்தாலும் பயன் இல்லை, 10 மில்லிசெகண்ட் கெடு போனது போனதுதான். பதிவை வெளியே எஸ்பிஐ என்ற சீரியல் இணைப்பில் மாட்டிய ஒரு ஃபிளாஷில் எழுதுங்கள். அது அழிய இன்னும் அதிக நேரம்கூட எடுக்கலாம், ஆனால் அதுவரை பதிவு டாஸ்க் மட்டும் தூங்கும், மற்றவை ஓடும்.

ஒரே எஸ்பிஐயில் டிஸ்ப்ளேயும் ஃபிளாஷும் இருந்தால் பூட்டு வேண்டும். பைனரி செமஃபோரும் பூட்டாக வேலை செய்யும், மியூடெக்ஸும் செய்யும், சோதனையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். மியூடெக்ஸில் மட்டும் முன்னுரிமை மரபுரிமை உண்டு: பூட்டைப் பிடித்திருக்கும் தாழ்ந்த டாஸ்க், அதற்காகக் காத்திருக்கும் உயர்ந்த டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறும். இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உலகத்துக்கே காட்டியது நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம். 1997 ஜூலை 4இல் செவ்வாயில் இறங்கியது, அதில் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ஆர்டிஓஎஸ் ஓடியது, சில நாளில் தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. தாழ்ந்த முன்னுரிமை வானிலை டாஸ்க் பூட்டைப் பிடித்திருக்க, உயர்ந்த முன்னுரிமை பஸ் டாஸ்க் (கலத்தின் பகுதிகளுக்கு இடையே டேட்டாவைக் கையாள்வது) அதற்காகக் காத்திருக்க, நடுத்தர முன்னுரிமை டாஸ்க்குகள் வானிலை டாஸ்க்கை ஓடவிடாமல் இடையில் புகுந்தன. பஸ் வேலை நேரத்துக்கு முடியாததைப் பார்த்து மென்பொருள் ரீசெட் செய்தது. அந்த மியூடெக்ஸை உருவாக்கும்போது மரபுரிமை ஆப்ஷன் ஆஃப் ஆக இருந்தது, அதை ஆன் செய்ய பூமியிலிருந்து ஒரு சின்ன மாற்றம் அனுப்பப்பட்டது, பிரச்சினை தீர்ந்தது. ஒரே ஒரு கான்ஃபிக் தேர்வு. ஃப்ரீஆர்டிஓஎஸ் மியூடெக்ஸில் மரபுரிமை எப்போதும் உண்டு, செஃபிரின் மியூடெக்ஸிலும் உண்டு, இரண்டிலும் செமஃபோரில் கிடையாது. பகிரும் பொருளுக்கு மியூடெக்ஸ், இன்டரப்டிலிருந்து தகவல் சொல்ல நோட்டிஃபிகேஷன் அல்லது செமஃபோர், இதில் சமரசம் வேண்டாம்.

இன்டரப்ட் முன்னுரிமை இன்னும் குழப்பமானது, ஏனென்றால் டாஸ்க்குக்கு நேர்மாறாக கார்டெக்ஸ்-எம்மில் சிறிய எண்தான் உயர்ந்தது. எஸ்டிஎம்32எஃப்103இல் 4 பிட், ஆக 0 முதல் 15 வரை. எஸ்டிஎம்32க்கான கட்டமைப்புக் கருவி கியூப்எம்எக்ஸ் இயல்பாக வைக்கும் எல்லை 5: 5 முதல் 15 வரையுள்ள இன்டரப்ட்கள் கர்னல் ஃபங்ஷன்களைக் கூப்பிடலாம், 0 முதல் 4 வரையுள்ளவை கூப்பிடக் கூடாது, பதிலுக்குக் கர்னல் அவற்றை ஒருபோதும் தடுக்காது. ரீசெட் ஆனதும் எல்லா இன்டரப்டும் 0இல்தான் இருக்கும், அதாவது யூஆர்ட் (சீரியல் போர்ட்) இன்டரப்டுக்கு எண் கொடுக்க மறந்தால் அது தடைசெய்யப்பட்ட பக்கத்தில் நின்றுகொண்டு க்யூவில் எழுதும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. என்றோ ஒரு நாள் கர்னலின் பட்டியல் பாதி மாறியிருக்கும் நேரத்தில் புகும், அதோடு முடிந்தது. நிபந்தனை தவறினால் அங்கேயே நிறுத்தும் சோதனையான அசர்ட்டை ஆன் செய்து வைத்திருந்தால் முதல் இன்டரப்டிலேயே கோடு நின்றுவிடும். எல்லையை 5 என்றே விட்டுவிடுங்கள், மோட்டார் பிடபிள்யூஎம் மாதிரி ஒரு மைக்ரோசெகண்ட்கூடத் தள்ளிப்போகக் கூடாத வேலை இருந்தால் மட்டும் 0 முதல் 4க்குள் போங்கள். கார்டெக்ஸ்-எம்0இல் இந்தப் பிரிவே கிடையாது, கர்னல் எல்லா இன்டரப்டையும் தடுத்துத் திறக்கும்.

கடைசியாகச் சோதனைகள். ரிலீஸ் பில்டில் அசர்ட்டையும் ஸ்டாக் சோதனையையும் அணைப்பதா வேண்டாமா? அணைத்தால் கொஞ்சம் ஃபிளாஷும் நேரமும் மிஞ்சும். நான் அணைக்க மாட்டேன், இரண்டு பில்டும் ஒரே மாதிரி இருப்பதே பெரிய நிம்மதி. ஸ்டாக் சோதனையில் இரண்டு முறை உண்டு: முதலாவது டாஸ்க் மாறும்போது ஸ்டாக் பாயின்டர் எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், இரண்டாவது அதோடு ஸ்டாக்கின் கடைசி 16 பைட்டில் எழுதிவைத்த அடையாளம் கலைந்திருக்கிறதா என்றும் பார்க்கும். இரண்டாவதை எடுங்கள். இரண்டுமே டாஸ்க் மாறும் நேரத்தில்தான் பார்க்கின்றன என்பதால் இடையில் நடந்தது தப்பலாம், எனவே ஒவ்வொரு டாஸ்க்கின் ஸ்டாக்கில் மீதி எவ்வளவு என்பதை மோட்பஸ் ரெஜிஸ்டரிலேயே வெளியே காட்டிவிடுங்கள், சோதனையில் மிக மோசமான சூழலை ஓட்டிப் பார்த்துப் பிறகு அளவை முடிவு செய்யலாம். எம்பியூ (நினைவகத்தைக் காக்கும் ஹார்டுவேர்) உள்ள சிப்பில் செஃபிரின் ஹார்டுவேர் ஸ்டாக் காவல் இதைவிட ஒரு படி மேல், தாண்டிய அந்த நொடியே ஃபால்ட் வரும்.

ரிலீஸில் அசர்ட் அடித்தால் முடிவில்லாத லூப்பில் நிற்கக் கூடாது. எஃப்103சி8இல் ரீசெட்டிலும் அழியாத பத்து 16 பிட் பேக்கப் ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன, எந்த டாஸ்க், எந்த வரி என்பதை அதில் எழுதிவிட்டு ரீசெட் செய்யுங்கள், எழுந்ததும் முதல் பதிவாக அது வெளி ஃபிளாஷுக்குப் போகட்டும். குறித்த நேரத்துக்குள் தட்டாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் வாட்ச்டாக்கை டைமர் இன்டரப்டில் வைத்துத் தட்டுவதும் ஐடில் டாஸ்க்கில் தட்டுவதும் எளிது, ஆனால் மோட்பஸ் டாஸ்க் மட்டும் செத்துக் கிடந்தால் இரண்டுக்குமே தெரியாது. பதிவுக்கும் கீழே, எல்லாவற்றுக்கும் தாழ்ந்த முன்னுரிமையில் ஒரு கண்காணிப்பு டாஸ்க் வையுங்கள், மற்ற நாலும் ஓடியதற்கு அடையாளமாகத் தங்கள் பிட்டை ஏற்றியிருந்தால் மட்டும் அது தட்டட்டும். அதன் ஸ்டாக்குக்கு இன்னொரு 512 பைட், அதற்கு நம் கணக்கில் இடம் இருக்கிறது.